ஆறாம் இடத்துத் தண்ணீர்

போன மாதம் எங்கள் ஆற்றில் ஒரு மிதவைக் கருவியை இறக்கினார்கள். மஞ்சள் டிரம் மாதிரி இருக்கிறது. மேலே சோலார் தகடு, கீழே நாலைந்து கம்பிகள். தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறதென்று அதுவே அளந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுமாம். விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வடை கொடுத்தார்கள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் வந்து, "இது இல்லாதப்ப நீங்க எப்படிங்க எடுத்தீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்க மேடம்" என்றாள்.

நான் மேடம் இல்லை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவுகிறவளாகச் சேர்ந்து, கள உதவியாளராக ஓய்வு பெற்றவள். பேர் ராஜம்மா. ஊர் கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் நடுவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர்கள் காட்டில் வேலை செய்தவர்கள். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு வேலை கிடைத்தது. முதல் ஆறு வருடம் குப்பி கழுவியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அதைப்பற்றி எழுத ஒன்றும் இல்லை. சுத்தமாகக் கழுவினேன்.

அதற்கப்புறம்தான் ஆற்றுக்குப் போனேன். ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணையில் ஒரு அணை, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு அணை. ஆபீஸில் ஒன்றை மேல் அணை என்போம், மற்றதைக் கீழ் அணை என்போம். இரண்டுக்கும் நடுவில் பதினொரு இடம் குறித்து வைத்திருந்தோம். மாதம் ஒரு தரம் பதினொரு இடத்திலும் தண்ணீர் எடுக்க வேண்டும். கரையில் நின்று எடுத்தால் ஓரத்துத் தண்ணீர்தான் கிடைக்கும். நடு ஆற்றுத் தண்ணீர் வேண்டுமென்பதால் பரிசல்.

பரிசல் ஓட்டினவர் நாகப்பா அண்ணன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மீன் பிடிக்கிறவர், எங்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் வருவார். மூங்கில் தப்பையில் பின்னிய பெரிய கூடை, அடியில் தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கு, ஒரே ஒரு துடுப்பு. அவ்வளவுதான் வண்டி. முதல் தரம் ஏறினவர்களுக்குத் தலை சுற்றும், ஏனென்றால் பரிசல் நேராகப் போகாது, சுற்றிக்கொண்டே போகும். அது சுற்றாமல் இருக்க, முன் விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்து, தண்ணீரில் எட்டு எழுதுகிற மாதிரி துடுப்பை இழுக்க வேண்டும். தள்ளக் கூடாது, இழுக்க வேண்டும். ஒரு தடவை அண்ணனுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நான் துடுப்பை வாங்கினேன். முதல் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றினோம். அவர் சிரிக்கவில்லை, பீடி பற்றவைத்துக்கொண்டார். மூன்றாவது மாதம் நேராக ஓட்டினேன்.

அழகான ஆறு. எனக்கு அதைச் சொல்ல வராது. மேல் அணைக்குக் கீழே சில நாள் நுரை இருக்கும், வாடை இருக்கும். அதைத் தாண்டிப் பத்துப் பதினைந்து வளைவு போனால் இரண்டு பக்கமும் உருண்டைப் பாறைகள், மேலே சீமைக்கருவேலம், அதற்கு மேலே மாந்தோப்பு. தண்ணீர்க் காக்காய்கள் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாறை அடைத்த இடங்களில் பரிசலைக் கரையேற்றி மினி லாரியில் போட்டுக்கொண்டு போய் அடுத்த மடுவில் இறக்குவோம். ஒன்பதாம் இடத்தில் பழைய கல்கட்டு ஒன்று உண்டு. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது, யார் காலத்தில் என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. அதன் நடுவில் மணல் வெளியேற ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மதகு. பரிசல் அதில் நுழையாது. இரண்டு பேரும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கட்டின் மேல் நடந்து அந்தப் பக்கம் இறக்குவோம். கட்டுக்கு மேலே தண்ணீர் ஓடாமல் ஆழமாக நிற்கும்.

எடுக்கும் முறையை அந்தப் பெண் கேட்டாள், எழுதிவிடுகிறேன். ஆக்ஸிஜன் பார்க்கிற குப்பி சின்னது, கண்ணாடி மூடி போட்டது. ஒரு முழ ஆழத்தில், வாயை ஓட்டத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்து, களகளவென்று சத்தம் வராமல் நிரப்ப வேண்டும். தண்ணீருக்குள்ளேயே மூடிவிட வேண்டும். மேலே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே குமிழ் ஓடக் கூடாது. கடுகளவு ஓடினாலும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பிறகு இரண்டு மருந்து, ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள் குழாய் நுனியை விட்டு இறக்க வேண்டும். மூடி, பதினைந்து தரம் கவிழ்த்து நிமிர்த்தி, வைத்துவிட வேண்டும். அடியில் வண்டல் மாதிரி ஒன்று இறங்கும். தண்ணீரில் உயிர்க்காற்று இருந்தால் அது வெல்லப்பாகு நிறத்தில் இருக்கும். குறைந்தால் வெளுக்கும். ஒன்றுமே இல்லையென்றால் நீர்மோர் மாதிரி வெள்ளையாக நிற்கும். சரியான அளவை ஆபீஸில்தான் கண்டுபிடிப்பார்கள். ஆனால் நிறத்தைப் பரிசலிலேயே பார்த்துவிடலாம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் விசாலாட்சி மேடம். எங்கள் கூடத்துக்கு அவர்தான் தலைமை. திருநெல்வேலிப் பக்கம். குரலை உயர்த்தியதே இல்லை. அவரிடம் எதைச் சொன்னாலும் நடந்த வரிசையில் சொல்ல வேண்டும். நடுவில் தொடங்கினால் கேட்டுவிட்டு, "சரி, முதல்லருந்து" என்பார். "சுமாரா மூணு மணி இருக்கும் மேடம்" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றேகாலா மூன்று இருபதா என்று சொல்லும்வரை பேனாவை எடுக்க மாட்டார். ஆரம்பத்தில் எனக்கு அழுகை வந்திருக்கிறது. பிறகு கையில் வாட்ச் கட்டிக்கொண்டேன்.

இனி நான் சொல்ல வந்தது.

ஆடி மாதம். மாம்பழ சீசன் முடிகிற நேரம். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் நன்றாக இருந்தது. ஆறாம் இடத்தில் ஒரு ஓடை வந்து சேரும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நாகப்பா அண்ணன் துடுப்பை நிறுத்திவிட்டார்.

"அக்கா, மீனு."

ஓடை சேர்கிற இடத்துக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக வயிறு தெரியக் கெண்டை மிதந்தது. ஒன்றிரண்டு இல்லை, கரை ஓரமெல்லாம். ஓடை சேர்வதற்கு மேலே எடுத்த குப்பியில் நல்ல பாகு நிறம். கீழே எடுத்ததில் வெள்ளை. நான் தப்பாக எடுத்திருப்பேன் என்று நினைத்து மறுபடி எடுத்தேன். அதுவும் வெள்ளை.

மேடத்துக்குப் போன் போட்டேன். சென்னையில் மீட்டிங்கில் இருந்தார். வரிசையாகச் சொன்னேன். "ஓடைக்குள்ள நடந்து போ. நிறம் எங்க மாறுதோ அது வரைக்கும் போ. மணியைக் குறிச்சுக்கோ" என்றார்.

ஓசூர்ப் பக்கக் கம்பெனி ஏதாவது லாரியில் கொண்டுவந்து ஊற்றியிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் ஓடையில் கால் வைத்ததுமே வாடை வந்தது. மருந்து வாடை இல்லை. புளித்த மாம்பழ வாடை. காலில் நார் சுற்றியது. முக்கால் கிலோமீட்டர் நடந்ததும் ஒரு மதில், மதிலுக்கு அடியில் ஒரு குழாய். குழாய்க்கு மேலே ஓடைத் தண்ணீர் நல்லது. கீழே வெள்ளை. மதிலுக்கு அந்தப் பக்கம் மாங்கூழ் ஆலை.

மாங்கூழில் விஷம் இல்லைதான். ஆனால் தோலும் கூழும் கழுவின தண்ணீரை மொத்தமாக ஆற்றில் விட்டால், அதைத் தின்கிற கிருமிகள் பெருகித் தண்ணீரில் இருக்கும் காற்றையெல்லாம் குடித்துவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். இதை நான் குப்பி கழுவுகிற காலத்திலேயே கேட்டிருக்கிறேன்.

அந்த ஆலையில் எங்கள் தெருப் பெண்கள் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு லைன் லீடர் என் தங்கச்சி கவிதா. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவள். சீசன் மூன்று மாதக் கூலியில்தான் அவளுக்கு வருஷம் ஓடும்.

மணி மூன்று இருபத்தைந்து என்று எழுதி, குப்பிகளைப் பெட்டியில் அடுக்கி, ஆபீஸ் வந்து சேர்ந்தேன். மேடம் இராத்திரி பஸ்ஸில் கிளம்பிக் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். "இருட்டுல வை, மூடியைத் தொடாத, காலையில நான் பாத்துக்கிடுதேன்." பெட்டியைப் பூட்டப் போகும்போது கவிதாவின் போன்.

"அக்கா, மதிலுக்குப் பின்னால ஓடையில நீயா நின்னுனு இருந்த?"

"ஆமா."

"வாட்ச்மேன் சொன்னான். மேனேஜரு ஆடிப் போய்க் கெடக்கறாரு. மழையில தொட்டி ரொம்பிட்டுது, வேற வழியில்லாம தொறந்து விட்டுட்டாங்க. ஒரே நாளுதான் அக்கா. குப்பி ஒடஞ்சி போச்சின்னு சொல்லிடேன்."

"ஒடையலையே கவிதா."

"ஒடச்சிடு."

நான் பெட்டி மூடியைச் சாத்தினேன். "நாப்பது பேரு அக்கா. நான் ஒருத்தி மட்டும் இல்ல" என்று அழுதாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

உடைக்கக்கூட வேண்டாம் என்று எனக்குத் தெரியும். மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றுப் பட விட்டால் போதும். வெள்ளை வண்டல் விடிவதற்குள் பழுப்பாகிவிடும். எந்த மேடத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியைத் திறந்து அந்தக் குப்பியை வெளியே எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று அன்றைக்கு மட்டும் நான் வாட்ச் பார்க்கவில்லை. நல்லவள் என்பதால் திரும்ப வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆறாம் இடத்துக்குக் கீழே ஒரு ஊருக்குக் குடிதண்ணீர் மோட்டார் ஆற்றில் இருக்கிறது, அந்த ஞாபகம் வந்தது. பூட்டிவிட்டு, மேடத்துக்கு மறுபடி போன் போட்டேன்.

"மேடம், அந்த ஆலையில என் தங்கச்சி வேலை செய்யறா. இந்தக் குப்பிய நான் வெச்சிருக்கறது சரியான்னு தெரியல."

"சொன்னது நல்லது. நாளைக்கு ஆலைக்காரங்க முன்னாலயே திரும்ப எடுப்போம்" என்றார். மோட்டாரைப் பற்றியும் சொன்னேன். பஞ்சாயத்தில் சொல்லி அவர் அப்போதே நிறுத்திவிட்டார்.

காலையில் வந்ததும் மேடம் என் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு நாகப்பா அண்ணனையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் ஆலைக்குப் போனோம். பெண்கள் வேலைக்கு வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். கவிதாவும் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. மேனேஜர் எங்களைக் கூட்டிக்கொண்டு மதிலுக்குப் பின்னால் வந்தார். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓடையைத் தண்ணீர் விட்டு அலசியிருந்தார்கள். மேடம் தன் கையாலேயே தண்ணீர் எடுத்தார். குப்பி பாகு நிறமாக இருந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்ததும் மேனேஜர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நேத்து எடுத்தது தப்புங்க மேடம். இந்தம்மா தங்கச்சி எங்ககிட்டதான் இருக்குது. அக்கா தங்கச்சிக்குள்ள என்ன சண்டையோ, அதை எங்க தலையில கட்டறாங்க."

எங்கள் உறவு மேடத்துக்குத் தெரியாது என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் மேடம், "தங்கச்சி இருக்கிறத ராஜம்மா நேத்தே எங்கிட்ட சொல்லியாச்சு" என்றார். அப்போதுதான் கவிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கோபம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

"ராஜம்மா, நேத்து என்ன செஞ்ச? முதல்லருந்து சொல்லு."

சொன்னேன். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை தரம் கவிழ்த்தேன், எது என்ன நிறம். மேடம் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும் நாகப்பா அண்ணனைப் பார்த்தார்.

"நாகப்பா, நேத்து மூணு இருபத்தஞ்சுக்கு இந்த ஓடை வழியா ஆத்துக்குள்ள போன தண்ணி இப்ப எங்க நிக்கும்?"

எங்கள் யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. அண்ணன் ஆறு இருக்கிற பக்கம் பார்த்தார், விரலை மடக்கினார். "ஏழுல கொஞ்சம் வேகம். எட்டுல பாறை. கல்கட்டு மேல தண்ணி தூங்குது மேடம். அங்கதான் சேந்திருக்கணும். மதியானம் வரைக்கும் நிக்கும். அப்புறம் மதகுல கொஞ்சங்கொஞ்சமா எறங்கிப் போயிடும்."

மேடம் மேனேஜரிடம், "வாங்க, நீங்களும் வரணும். நாளைக்கு எங்க குப்பி தப்புன்னு சொல்லக் கூடாதுல்லா" என்றார்.

"பரிசல்லயா?"

"ஷூவைக் கழட்டிருங்க."

ஆறாம் இடத்தில் பரிசலில் நாலு பேர் ஏறினோம். மேனேஜர் நடுவில் குத்துக்கால் வைத்து, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் சம்பளத்துக்கு இருப்பவர்தானே, பாவமாகத்தான் இருந்தது. அண்ணன் ஒரு மணி நேரம் இழுப்பார், தோள் வலித்ததும் நான் வாங்கிக்கொள்வேன். ஏழாம் இடத்தில் நிறுத்தினோம். பாகு நிறம். எட்டாம் இடத்தில் பாறை என்பதால் பரிசலைத் தூக்கினோம், மேனேஜரும் ஒரு பக்கம் பிடித்தார். அங்கேயும் பாகு நிறம். "பாத்தீங்களா மேடம்" என்றார். முகத்தில் தெளிவு வந்தது. நேற்றைய என் குப்பி உண்மையிலேயே தப்பாக இருந்தால் நாற்பது பெண்கள் முன்னால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தேன். ஒரு குப்பியில் குமிழ் விட்டு, கொட்டி மறுபடி எடுத்தேன்.

கல்கட்டு கண்ணில் படுவதற்கு முன் கொக்குகள் பட்டன. கட்டின் மேலே வரிசையாக, அத்தனை கொக்கை அங்கே நான் பார்த்ததே இல்லை. கிட்டே போனால் தண்ணீருக்கு மேலே ஆயிரம் வாய். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கொக்குகள் நின்ற இடத்திலிருந்தே கொத்தின. புளித்த மாம்பழ வாடை. அண்ணன் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மேடம் குப்பியை என்னிடம் தராமல் மேனேஜரிடம் தந்தார். "நீங்களே எடுங்க. அவ சொல்லுவா, அதும்படி எடுங்க."

நான் சொன்னேன். ஒரு முழ ஆழம், சாய்த்துப் பிடியுங்கள், தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். அவர் எடுத்தார். மருந்து விட்டதும் பதினைந்து தரம் கவிழ்த்தார், வாய்விட்டு எண்ணினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையாக இறங்கியது.

அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மழையில தொட்டி ரொம்பிருச்சுங்க மேடம். எங்க விடறதுன்னு தெரியல" என்றார். கட்டின் மேல் உட்கார்ந்து தாளில் கையெழுத்துப் போட்டார். பரிசலைக் கட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கி எடுத்த குப்பி நல்ல நிறமாக இருந்தது. கெட்ட தண்ணீர் இன்னும் மதகைத் தாண்டவில்லை. கீழே இருக்கிற மீன்காரர்களுக்கும் மாடு ஓட்டுகிறவர்களுக்கும் அண்ணன் போன் போட்டுச் சொன்னார். குடிதண்ணீர் மோட்டார் நாலு நாள் ஓடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எங்களைத்தான் திட்டினார்கள்.

ஆலையை அந்த சீசனுக்கு மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கழிவுத் தொட்டி பெரிதாகக் கட்டி, காட்டி, அப்புறம்தான் திறக்க வேண்டும். அடுத்த வருடம் கட்டித் திறந்தார்கள். ஆறாம் இடத்துக் குப்பி அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரையில் வெளுக்கவில்லை. எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கவிதாவைக் கூப்பிடவில்லை. தெருவில் சிலர் என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கவிதா சாத்தவில்லை, ஆனால் பேசவில்லை. அவளுடைய பெரிய பையனின் கல்லூரி சேர்க்கைக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. பிறகு ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். விடியற்காலை கம்பெனி பஸ் பிடித்துப் போவாள். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போவாள். வேலையைக் கெடுத்தவள் என்ற கோபம், நியாயம்தான் என்று நான் இருந்துவிட்டேன். மூன்று வருடம் அப்படிப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளாகவே வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உட்காரு என்றதும் உட்கார்ந்தாள். தானும் ஒரு சேலையை எடுத்து மடித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கி நான் போன்ல சொன்னத, குப்பிய ஒடச்சிடுன்னு சொன்னத, உங்க மேடம்கிட்ட சொல்லிட்ட இல்ல? வாசல்ல வெச்சி அந்தம்மா சொன்னாங்களே, ராஜம்மா நேத்தே சொல்லியாச்சின்னு."

"நீ அங்க வேலை செய்யறன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"போன் வந்தத?"

"சொல்லல கவிதா. இன்னிக்கி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல."

கையிலிருந்த சேலையை அவள் மடியில் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் அதன் கரையை நீவிக்கொண்டே இருந்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சின்னு நெனச்சிதான், உன் மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னு வராம இருந்துட்டேன்க்கா" என்றாள்.